இருபத்தாறு கையெழுத்து

கடுகக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சிவக்கும். பிறகுதான் வாய் திறக்கும். நடுவில் பத்து விநாடி இருக்கிறது, அதற்குள் ஆய்வகத்தை விட்டு வெளியே போய்விட்டால் தப்பிக்கலாம் என்று அந்தப் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பும் அடுத்த வகுப்புக்குச் சொல்லிவிட்டுப் போகும். ஆள் ஐந்தடிகூட இல்லை. சின்ன உருவம், படபடவென்று பொரியும் பேச்சு. யாரோ ஒரு பொல்லாத மாணவி வைத்த பெயர் பதினேழு வருடமாக ஒட்டிக்கொண்டது. ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அவள் வேலை ஆய்வக உதவியாளர். விலங்கியலில் பட்டம் வாங்கியவள். மேலே படிக்கிறவரைக்கும் இரண்டு வருடம் இருக்கலாம் என்று வந்து சேர்ந்தாள். கல்யாணம், பிள்ளை, வீடு என்று மேற்படிப்பு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒருநாள் அதைப் பற்றிப் பேசுவதே நின்றுபோனது. அந்த ஆத்திரத்தையெல்லாம் அவள் சுத்தத்தில் காட்டினாள் என்று லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் சொல்வான். "எங்க வீட்டுல தூசிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்" என்பான். ஆய்வகமும் அப்படித்தான் இருந்தது. தரைத்தளத்தின் கடைசியில் நீளமான அறை. ஆறு கல் மேசைகள், மேசைக்கு இரண்டு குழாய். கண்ணாடி அலமாரிக்குள் பெயர்ச்சீட்டு ஒட்டிய பாட்டில்கள். ஒவ்வொரு சீட்டும் அவள் கையெழுத்து, ஒன்றுகூடக் கோணல் இல்லை.

அந்த ஆண்டு பள்ளியில் உயர்நிலை உயிரியல் என்று ஒரு புதுப் பாடம் தொடங்கினார்கள். சாதாரண உயிரியலைவிட இரண்டு மடங்கு பாடம், வெளி வாரியத்தின் தேர்வு, நூறு மதிப்பெண்ணில் இருபது செய்முறைக்கு. இதற்கென்று ஒரு ஒருங்கிணைப்பாளரைப் போட்டார்கள். மடிப்புக் கலையாத சட்டை, கையில் எப்போதும் சுருட்டிய ஏதாவது ஒரு தாள். ஆசிரியர்கள் அறையில் அவருக்குப் போஸ்டர் சார் என்று பெயர். அவர் முதலில் செய்த வேலை, பளபளவென்று நான்கு பக்கத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் அச்சடித்தது. "இந்தப் பாடத்தில் நீங்கள் என்ன எதிர்பார்க்கலாம்?" என்பது தலைப்பு. மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஆய்வகத்தில், முப்பது செய்முறைகள், ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஓர் ஆய்வு என்று உள்ளே போட்டிருந்தது. அட்டையில் ஒரு பெண் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடுகக்கா அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மைக்ரோஸ்கோப்பின் மேடையில் ஸ்லைடே இல்லை. அந்தப் பெண் வெறும் ஓட்டையைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெற்றோர் கூட்டத்துக்கு முதல் நாள் போஸ்டர் சார் ஆய்வகத்துக்கு வந்தார்.

"பன்னெண்டு மைக்ரோஸ்கோப்பையும் வரிசையா வெளிய எடுத்து வைங்க."

"அதுல நாலுதான் வேலை செய்யுது சார். மூணுல லென்ஸ் இல்ல, மத்ததுல கண்ணாடி உடைஞ்சு கெடக்கு."

"யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்க?"

"பாத்துட்டா?"

"பாத்தா பல்பு போயிருச்சுன்னு சொல்லுங்க."

காது சிவந்தது. அதற்குள் பள்ளி முதல்வரே வந்துவிட்டார். முதல்வர் மெல்லிய குரலில் பேசுகிற அம்மா. எதிரில் நிற்பவர் பேசி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டே கேட்பார். கேட்டு முடித்துவிட்டுத் தான் நினைத்ததைச் சொல்வார். "புதுசு எட்டு வாங்கறதுக்கு எழுதியாச்சு. அடுத்த மாசம் வந்துரும். ஒருநாள் கூத்துக்கு ஏன் மனசக் கெடுத்துக்கறீங்க?" என்றார்.

கடுகக்கா நம்பினாள். நம்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவள் மகள் அந்தப் பாடத்தில் சேர ஆசைப்பட்டாள். பதினாறு வயது, அம்மாவைப் போலக் குள்ளம், அப்பாவைப் போல நிதானம். முப்பது செய்முறை என்று படித்ததும் அம்மாவுக்கே ஒருமுறை மறுபடி பள்ளிக்கூடம் போகத் தோன்றியது. அவள் பன்னிரண்டையும் துடைத்து வரிசையாக வைத்தாள். உடைந்தவற்றின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்ததும் அவள்தான். பெற்றோர் வந்தார்கள், படம் எடுத்தார்கள், யாரும் குனியவில்லை. இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். அதில் அவள் மகளும் ஒருத்தி.

அடுத்த மாதம் வந்தது. மைக்ரோஸ்கோப் வரவில்லை.

வந்தது தேர்வு. வாரத்துக்கு இரண்டு. இருபத்திரண்டு பேரும் இடைவெளி விட்டு உட்கார வசதியான அறை ஆய்வகம்தான் என்று போஸ்டர் சார் கண்டுபிடித்தார். செவ்வாயும் வியாழனும் செய்முறை நேரம். இரண்டு நாளும் தேர்வு நாளாகிவிட்டது. பாடம் நடத்திய உயிரியல் சார் நல்ல மனிதர், வேலைக்கு வந்து மூன்று வருடம். ஆனால் அவர் தலையில் வேறு மூன்று வகுப்புகளையும் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாசலில் வந்து நிற்பார், உள்ளே வரமாட்டார்.

"இந்த வாரமும் டெஸ்ட் இருக்குக்கா."

"வெங்காயம் போட்டு வச்சிருக்கேன் சார். வேரு நுனி சரியான பதத்துல இருக்கு. செல் பிரியறதப் பாக்கணும்னா இதுதான் நேரம். நாள் போச்சுன்னா வீணாப் போயிரும்."

"தெரியுதுக்கா. அடுத்த வாரம் பாத்துரலாம்."

அடுத்த வாரம் அந்த வெங்காயங்களுக்குத் தாடி வளர்ந்திருந்தது. கொட்டினாள். புதிதாகப் போட்டாள். அதுவும் தாடி விட்டது. கரைசல்கள் கலக்கி வைத்தாள், கெட்டுப்போயின, குழாயில் ஊற்றிக் கழுவினாள். ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது எண்ணிப் பார்த்தால் முப்பதில் நான்கு நடந்திருந்தது. அந்த நான்கிலும் மேசைக்கு ஒருவர் செய்ய, மற்றவர்கள் எட்டிப் பார்த்ததுதான்.

ஆனால் அவள் கோபம் முழுசாகக் கொதித்தது பள்ளியில் அல்ல, வீட்டில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்முறை நோட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கடுகக்கா டீ போட்டுக்கொண்டே தோளுக்கு மேல் பார்த்தாள். "உருளைக்கிழங்கை ஒரே நீளத் துண்டுகளாக வெட்டி, ஐந்து விதச் செறிவுள்ள உப்புக் கரைசல்களில் இட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து எடை பார்த்தேன்." கீழே ஒரு அட்டவணை. அழகான எண்கள், அளவெடுத்துத் தைத்தாற்போலக் கோடு.

"இத எப்போ செஞ்ச?"

"செய்யலம்மா. கைடுல இருக்கு. எல்லாரும் அதப் பாத்துதான் எழுதறாங்க."

"எடை பார்த்தேன்னு எழுதியிருக்கியே."

"அப்படித்தாம்மா எழுதணும்."

அடுப்பை அணைத்தாள். கூடையிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்து மேசையில் வைத்தாள். நகை எடை போடுகிற மாதிரி ஒரு குட்டித் தராசு வீட்டில் இருந்தது, ஸ்க்ரூ எடை போட என்று கணவன் வாங்கியது. ஐந்து டம்ளர், உப்பு. "வெட்டு" என்றாள்.

மகள் வெட்டினாள். ஒன்று தடிமனாக, ஒன்று ஒல்லியாக வந்தது. ஒரு துண்டில் தோல் ஒட்டியிருந்தது. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எடுத்துத் துடைத்து எடை போட்டார்கள். வெறும் தண்ணீரில் போட்டது எடை கூடியிருந்தது. உப்பு அதிகமானதில் போட்டது துவண்டு எடை குறைந்திருந்தது. ஆனால் நடுவில் மூன்றாவது டம்ளர் மட்டும் கிறுக்குத்தனமாக, குறைய வேண்டியது கூடியிருந்தது.

மகள் நோட்டையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தாள். "தப்பா வந்துருச்சும்மா. கைடுல இருக்கறதுதான் சரி. அதையே விட்டுர்றேன்."

கடுகக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கையில் பிடித்திருக்கிற கிழங்கு தப்பு, அச்சடித்த எண் சரி. ஒரு வருடத்தில் இவ்வளவுதான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது துண்டு ஏன் அப்படி வந்தது, சரியாகத் துடைக்கவில்லையா, தோல் ஒட்டியிருந்தது அதுதானா என்று கேட்கத் தோன்றாத ஒரு பிள்ளைக்கு உயர்நிலை உயிரியல் என்று பட்டம் கட்டி அனுப்பப்போகிறார்கள். அதுவும் தன் பிள்ளைக்கு. உடைந்த மைக்ரோஸ்கோப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த கை எது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அன்று மகளிடம் அவள் கத்தவில்லை. கணவன் அதைத்தான் பயந்துபோய்ப் பார்த்தான்.

பத்து நாள் கழித்துப் போஸ்டர் சார் செய்முறைப் பதிவேட்டைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். வாரியத்தின் ஆய்வாளர் மூன்று வாரத்தில் வருகிறார், பதிவேட்டைத்தான் முதலில் கேட்பார். ஒவ்வொரு செய்முறைக்கும் ஒரு வரி: தேதி, பொருள்கள் வழங்கப்பட்டன, செய்முறை நடந்தது, ஆசிரியர் கையெழுத்து, உதவியாளர் கையெழுத்து. நடக்காத வரிகளிலும் தேதி ஏற்கெனவே நிரப்பியிருந்தது. ஒரே பேனா, ஒரே நாளில் எழுதியது பார்த்தாலே தெரிந்தது. நான்கு வரியில் அவள் கையெழுத்து இருந்தது. இருபத்தாறு காலி.

"ஒரு அஞ்சு நிமிஷ வேலை. போட்டுக் குடுத்துருங்க."

"இதெல்லாம் நடக்கலையே சார்."

"எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தாங்க போகுது."

"நான் எல்லா ஸ்கூல்லயும் வேலை பாக்கல. இங்கதான் பாக்கறேன். ஒன்பதாவது வரியப் பாருங்க. அந்தத் தேதில இந்த ரூம்ல டெஸ்ட் நடந்துச்சு, கேள்வித்தாள் கட்டு இப்பவும் அலமாரி மேல இருக்கு. பதினாறாவது வரி, ஈஸ்ட்டு. ஈஸ்ட்டே இந்த வருஷம் நம்ம வாங்கல. வாங்காதத எப்படிங்க நான் வழங்கியிருப்பேன், பாக்கெட்லேருந்தா?"

போஸ்டர் சார் கையில் இருந்த தாளைச் சுருட்டினார், பிரித்தார். "முதல்வர்கிட்ட பேசிக்கங்க" என்று போனார்.

முதல்வர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "உங்க பொண்ணு மார்க்கும் இதுலதான் இருக்கு. அத யோசிச்சீங்களா?" என்றார்.

குரல் கொஞ்சமும் உயரவில்லை. அதுதான் கடுகக்காவை உலுக்கியது. மிரட்டலைக்கூடத் தேன் தடவித்தான் கொடுத்தார். அவள் பத்து விநாடி நின்றாள்.

"யோசிச்சேன் மேடம். அதனாலதான் சொல்றேன். கதவத் திறந்து விடுங்க. இருபத்தாறு இருக்கு, மூணு வாரம் இருக்கு. ஸ்கூல் விட்டப்புறம் தினமும் ரெண்டு மணி நேரம் குடுங்க. எத்தனை நடக்குதோ அத்தனைக்குக் கையெழுத்துப் போடறேன். நடக்காததுக்கு என் கை வராது."

"உயிரியல் சார் ஒத்துக்கணுமே."

உயிரியல் சார் வெளியே தாழ்வாரத்தில்தான் நின்றிருந்தார். பதிவேட்டில் முப்பது வரியிலும் அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். கூப்பிட்டதும் உள்ளே வந்தவர் முதல்வரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "நான் இருக்கேன் மேடம். தினமும் இருக்கேன்" என்றார்.

முதல்வர் இரண்டு வாரம் கொடுத்தார். அவ்வளவுதான் முடியும் என்றார்.

அந்த இரண்டு வாரமும் ஆய்வகம் சந்தைக்கடையாக இருந்தது. முதல் நாள் இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் மைக்ரோஸ்கோப்பில் உருவத்தைத் தெளிவாகக் கொண்டுவரத் தெரியவில்லை. நான்கு மைக்ரோஸ்கோப்பு, ஆளாளுக்கு ஒரு திருகைத் திருகி, லென்ஸை இறக்கி ஸ்லைடின் தலையில் குத்தினார்கள். ஆறு ஸ்லைடு போயிற்று. "மொதல்ல பக்கத்துலேருந்து பாத்துக்கிட்டு இறக்கு. அப்புறம் கண்ண வச்சு மெதுவா மேல தூக்கு. அது மிக்ஸி இல்ல" என்று அவள் மேசை மேசையாகப் பொரிந்துகொண்டே ஓடினாள். எல்லாத் தேர்விலும் முதலாவதாக வருகிற ஒரு உயரமான மாணவி, வெங்காய வேர் நுனியை அமிலத்தில் சுட வைத்து, சாயம் ஏற்றி, கண்ணாடிக்கு அடியில் கட்டைவிரலால் நசுக்கச் சொன்னபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "தப்பா நசுக்கிட்டா?" என்றாள். "தப்பா நசுக்கினா இன்னொண்ணு நசுக்கு. நானூறு வேரு இருக்கு" என்றாள் கடுகக்கா.

வருடம் முழுக்கக் கடைசி வரிசையில் தூங்கி வழிந்த ஒருத்தி மூன்றாவது முயற்சியில் கண்ணை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தாள். "சார், இங்க ஒண்ணு ரெண்டா இழுத்துக்கிட்டு நிக்குது" என்றாள். உயிரியல் சார் பார்த்தார். குரோமோசோம்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றன. அவர் ஒதுங்கிக்கொண்டார், மற்றவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். கடுகக்காவின் மகளும் பார்த்தாள். பார்த்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பவில்லை, நோட்டில் எதையோ வரைந்தாள்.

ஐந்தாவது நாள் மூன்று தாய்மாரும் இரண்டு தகப்பன்மாரும் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்கள். கடுகக்கா முதலில் சந்தோஷப்பட்டாள், இந்த அநியாயத்தைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று. வந்தது அவளைக் கேட்க.

"தேர்வு நேரத்துல சாயங்காலம் ரெண்டு மணி நேரம் இங்க ஏங்க பிடிச்சு வைக்கறீங்க?" என்றார் கண்ணாடி போட்ட ஒரு தகப்பன். "என் பொண்ணு டியூஷன விட்டுட்டு இலைய நறுக்கிட்டு இருக்கா. கையெல்லாம் சாயம். அதான் நோட்டுல எழுதியாச்சுல்ல?"

"மார்க் வந்தா போதும்ங்க. இதெல்லாம் காலேஜ்ல சொல்லிக் குடுப்பாங்க" என்றார் ஒரு தாய்.

பத்து விநாடிகூட ஆகவில்லை.

"இந்தப் பாடத்துல என்ன எதிர்பார்க்கலாம்னு பளபளன்னு ஒரு தாள் குடுத்தாங்க, வாங்கிட்டுப் போனீங்க. ஒருத்தராவது அப்புறம் வந்து கேட்டீங்களா, எங்கடா அதுன்னு? நான் சொல்றேன் என்ன எதிர்பார்க்கணும்னு. ஆயிரத்து இருநூறு பக்கம் படிக்கணும், அது இருக்கு. ஆனா பேரு மனப்பாடம் பண்றது இதுல கால்வாசிதான். மீதி முழுக்க, ஏன் இப்படி ஆகுதுன்னு கேட்டு மண்டைய உடைச்சுக்கறது. பத்து தடவை செஞ்சா மூணு தடவை சொதப்பும். அந்த மூணையும் மறைக்காம எழுதணும். எண்ணு கோணலா வந்தா கோணல்னு எழுதி, எதனாலன்னு தேடணும். அந்தக் கோணல் தற்செயலா, நெஜமான்னு கணக்குப் போட்டுப் பாக்கணும். கணக்கே வேணாம்னுதான் பாதிப் பேரு உயிரியல் எடுக்கறாங்க, அவங்களுக்கு இங்கதான் அடி விழும். வெளிய மைதானத்துல கட்டம் போட்டு, வெயில்ல மண்டி போட்டு, என்ன செடி எத்தனைன்னு எண்ணணும். கையில நாத்தம் வரும். சாயம் வரும். ரெண்டு நாள் போகாது. முன்னாடி நல்ல மார்க் வாங்கின பிள்ளை மொத ரெண்டு மாசம் அழும். அழட்டும். எனக்குத் தெரியலன்னு சொல்றதுக்குக் கூச்சப்படாத பிள்ளைதான் இதுல கரை சேரும். இந்த வருஷம் உங்க பிள்ளைங்களுக்கு இதுல எது கிடைச்சுது? எடை போடாமலே எடை போட்டேன்னு எழுதக் கத்துக் குடுத்திருக்கோம். நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரி லேப்ல உக்காந்து, உங்க ரத்தத்தப் பாக்காமலே பாத்தேன்னு எழுதுவா. அப்பவும் மார்க் வந்தா போதும்னு சொல்லுவீங்களா?"

மேசைகளில் கத்தரியும் ஸ்லைடும் பிடித்தபடி இருபத்திரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தகப்பன் தன் மகளைப் பார்த்து, "பையை எடு" என்றார். அவள் எடுத்துக்கொண்டு போனாள். மற்ற மூன்று பேரும் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசியாக நின்ற ஒரு தாய், வாடகைக் கார் ஓட்டுகிறவர், போகவில்லை. மைக்ரோஸ்கோப் பக்கம் போய், "நான் பாக்கலாமா?" என்று தன் மகளிடம் கேட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு வெளியே போனார்.

இரண்டு வாரத்தில் பதினொன்று முடிந்தது. மீதம் பதினைந்துக்கு நேரம் இல்லை.

கடுகக்கா பதிவேட்டைத் திறந்து, பதினொரு வரியில் பொய்த் தேதியை அடித்து உண்மைத் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மீதிப் பதினைந்து வரியில், கையெழுத்துக்கான கட்டத்தில், "செய்யவில்லை" என்று எழுதினாள். பதினைந்து தடவை. பாட்டில் சீட்டுகளில் எழுதுகிற அதே திருத்தமான எழுத்து. உயிரியல் சார் பேனாவை வாங்கி, அந்தப் பதினைந்திலும் தன் கையெழுத்தை அடித்துவிட்டு ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். "எனக்கு வேற வேலை கிடைச்சுரும்க்கா. உங்களுக்கு?" என்றார்.

"எனக்கு இதுதான் வேலை" என்றாள்.

ஆய்வாளர் வந்தார், பதிவேட்டைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து புரட்டினார். இப்படி ஒரு பதிவேட்டைத் தான் பார்த்ததே இல்லை என்று மட்டும் சொன்னார். பாராட்டா குறையா என்று யாருக்கும் புரியவில்லை. ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. முப்பதில் பதினைந்து நடந்ததால் செய்முறைக்கு இருபதில் பத்துக்கு மேல் யாருக்கும் கிடையாது. பள்ளி அடுத்த ஆண்டு கருவிகளும் நேரமும் இருப்பதைக் காட்டினால்தான் பாடத்தைத் தொடரலாம்.

புது மைக்ரோஸ்கோப்புகள் மூன்றே வாரத்தில் வந்து இறங்கின. பெட்டியைப் பிரித்தது அவள் இல்லை. அவளைப் பாடநூல் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள், நிர்வாகக் காரணம் என்று ஒரே வரியில். ஆய்வகத்துக்கு வேறு ஒருவர் வந்தார். உயிரியல் சார் சொன்னபடியே வேலையை விட்டுப் போனார். போஸ்டர் சார் போகவில்லை. அந்தப் புது மைக்ரோஸ்கோப்புகளுக்குப் பக்கத்தில் நின்று புதுப் பிரசுரத்துக்குப் படம் எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்தபோது கடுகக்கா கையில் இருந்த நூல்கண்டைச் சுவரில் எறிந்தாள் என்று கிடங்குக் காவலாளி எல்லோரிடமும் சொன்னார்.

மகளுக்கு மொத்தத்தில் எண்பத்தொன்று வந்தது. அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் எண்பத்தைந்து கேட்டார்கள். வேறு ஒரு கல்லூரியில், வேறு ஊரில், இடம் கிடைத்தது, அதே உயிரியல்தான். தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து அவள் அம்மாவோடு தேவைக்கு மட்டும் பேசினாள். சாப்பாடு ஆச்சா, ஆச்சு. சாவி எங்கே, ஆணியில். கணவன் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் தூது போனான். "உங்க ரெண்டு பேர் பேச்சையும் ஏத்தி இறக்கியே என் தோள் கழண்டுருச்சு" என்று சிரிக்க வைக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

ஊருக்குப் போகிற அன்று காலையில் மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கடுகக்கா துணிகளை மடித்துக் கொடுத்தாள். ஒரு கட்டத்தில் மகள் கையை நிறுத்தினாள்.

"நீ கையெழுத்துப் போடாதது தப்புன்னு நான் சொல்லலம்மா. அந்த ரெண்டு வாரம் மட்டும்தான் எனக்கு அந்த வருஷத்துல ஞாபகம் இருக்கு. ஆனா என் மார்க்க வச்சுக்கிட்டுத்தான் நீ அவங்க கூடச் சண்டை போட்ட. எங்க இருபத்திரண்டு பேரோடதையும். எங்கள ஒரு வார்த்தை கேட்டியா?"

கடுகக்கா வாயைத் திறந்தாள். எத்தனையோ பதில் தயாராக இருந்தது. போஸ்டர் சாருக்கும் முதல்வருக்கும் சொல்லிச் சொல்லிக் கூர் ஏற்றி வைத்த பதில்கள். மகளிடம் அதில் ஒன்றும் செல்லாது என்று அப்போதுதான் தெரிந்தது.

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்போம். அப்பவும் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்றாள் கடுகக்கா. "கேட்டுட்டு, அப்புறமும் அதத்தான் எழுதியிருப்பேன்."

"தெரியும்" என்றாள் மகள். அந்தக் குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் மடித்த துணிக்காகக் கையை நீட்டினாள்.

பேருந்து கிளம்பும்போது ஜன்னல் வழியாக அப்பாவுக்குக் கையசைத்தாள். அம்மாவைப் பார்த்தாள், கையசைக்கவில்லை, பார்த்துக்கொண்டே போனாள். சேர்ந்துவிட்டேன் என்று அப்பாவுக்கு ஒரு செய்தி வந்தது. மூன்றாம் நாள் அம்மாவுக்கு ஒன்று வந்தது, ஒரே வரி: இங்க மொத நாளே லேப், எங்க செட்டுல எனக்கு மட்டும்தான் ஃபோகஸ் பண்ணத் தெரியுது. அதில் இருந்தது நன்றியா குத்தலா என்று கடுகக்கா கணவனைக் கேட்டாள். "ரெண்டும்தான்" என்றான்.

மறுநாள் கிடங்கு வாசலில் புதிய பாடநூல் கட்டுகள் இறங்கியிருந்தன, மொத்தம் நானூறு புத்தகம். மேலே இருந்த கட்டில் உயிரியல் செய்முறை கைடு, எல்லா எண்களும் நிரப்பியே அச்சடித்தது. கடுகக்கா கயிற்றை வெட்டாமல் அந்தக் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு, மாடிப்படி ஏறி, முதல்வர் அறைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள்.